நான் சொல்லித்தான்

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. வழக்குப் போடுவார் என்ற பயத்தில் அல்ல. பெயரைக் கண்டால் இந்தப் பக்கத்தைப் பெரிதாகப் பிரதியெடுத்துக் கடைக் கண்ணாடியில் ஒட்டிவிடுவார். உள்ளே என்ன இருக்கிறது என்று வாசித்துப் பார்க்கமாட்டார். தன்னைப் பற்றி ஒருத்தி எழுதியிருக்கிறாள் என்பதே அவருக்குப் போதும். சாமான் வாங்க வருகிறவர்களிடமெல்லாம், "நான் சொல்லித்தான் இந்தப் பிள்ளை எழுதத் தொடங்கினது" என்று சொல்வார்.

நான் சொல்லித்தான். சுவிசில், பேர்ண் நகரத்தில் என்னோடு வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரும் இந்த இரண்டு சொற்களையும் கேட்டே வளர்ந்தோம். எங்கள் பகுதிக்கு ட்ராம் வந்தது அவர் சொல்லித்தான். கோயில் மண்டபத்துக்குச் சூடாக்கி பொருத்தியது அவர் சொல்லித்தான். மூன்று ஆண் பிள்ளைகளுக்குப் பிறகு எங்கள் மேல்வீட்டு அன்ரிக்குப் பெண் பிள்ளை பிறந்ததுகூட அவர் சொல்லித்தானாம். அந்த அன்ரியின் கணவர் இதைக் கேட்டுவிட்டு எப்படிச் சிரிப்பது என்று தெரியாமல் நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

ட்ராம் திரும்பும் இடத்தில் அவருடைய கடை இருந்தது. உறைந்த மீனும் சாம்பிராணியும் சேர்ந்த ஒரு மணம் அதன் வாசலிலேயே நம்மைப் பிடித்துக்கொள்ளும். கல்லாவுக்குப் பின்னால் வெள்ளைச் சேர்ட், பையில் பேனை, கறுப்பாக்கிய மீசையோடு அவர் இருப்பார். உயரமான மனிதர். யாரோடு கதைத்தாலும் கையை எடுத்து அவர்கள் தோளில் வைத்துவிடுவார். பிள்ளைகள் என்றால் தலையில். அந்தக் கையின் பாரம் இன்றைக்கும் என் உச்சந்தலையில் இருக்கிறது. கதை முடியும்வரை அதை எடுக்கமாட்டார். கதை சுலபத்தில் முடியாது.

எங்கள் வீட்டு அல்பத்தைத் திறந்தால் அவர் இல்லாத நல்லநாள் கிடையாது. அம்மா அப்பாவின் கலியாணப் படத்தில் அப்பாவின் தோளில் கை வைத்தபடி நிற்கிறார். என் முதலாவது பிறந்தநாளில் கேக்குக்குப் பின்னால் நிற்கிறார். நான் பெரியபிள்ளையானபோது நடந்த சாமத்தியவீட்டில் சொந்த மாமாமார் ஒரு கரையில் ஒதுங்கி நிற்க, இவர் நடுவில் நிற்கிறார். எங்களுக்கு அவர் ஒரு உறவுமுறையும் இல்லை. ஆனாலும் நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடவேண்டும். இத்தனை கோபத்தோடு எழுதும்போதும் "அவர்" என்றுதான் வருகிறது. வளர்ப்பு அப்படி.

ஏன் ஒருவரும் வாய் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். காரணம் இருந்தது. எங்கள் பெற்றோருக்கு முன்பே இந்த நாட்டுக்கு வந்தவர் அவர். இங்கே பேசுகிற டொச், ஜெர்மன் மொழி, தெரிந்தவர். அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு அப்பா திரும்பிப் போகவேண்டிய நிலையில் நின்றபோது, இவர்தான் கூட்டிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்திருக்கிறார். அப்பாவுக்கு அனுமதி கிடைத்தது. அப்பா மட்டுமல்ல, எங்கள் பகுதியில் பாதிப்பேர் அப்படித்தான். "அவர் இல்லாட்டி நாங்கள் இண்டைக்கு இஞ்ச இல்லை" என்று அப்பா மாதம் தவறாமல் சொல்வார். சின்ன வயதில் ஒருநாள் நான், "அப்ப அவர் இல்லாட்டி நான் பிறந்திருக்கமாட்டனோ?" என்று கேட்டேன். அப்பா கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, "அப்பிடியும் சொல்லலாம்" என்றார். அன்றிலிருந்தே எனக்கு அந்த மனிதரைக் கண்டால் பிடிக்காது.

அன்பில்லாதவர் என்று சொல்லிவிட்டால் எழுதுவது சுலபம். அதையும் சொல்ல விடமாட்டார். அப்பாவுக்கு வயிற்றில் சத்திரசிகிச்சை நடந்த அன்று கடையைப் பூட்டிவிட்டு வந்து, அம்மாவோடு மருத்துவமனையில் பகல் முழுவதும் இருந்தார். எனக்குச் சோற்றுப் பார்சல் கொண்டுவந்து தந்தார், மீனில் முள் எடுத்துக்கூட. அடுத்த கிழமை கோயிலில் நின்று, தான் சொல்லித்தான் டொக்டர் நல்ல நூலால் தைத்தவர் என்று எல்லோருக்கும் சொன்னார். அவர் கொடுத்த எதையும் நிம்மதியாக விழுங்க முடியாது. தொண்டையில் அவர் பெயர் தடக்கும்.

கோடையில் நடக்கும் தமிழர் விளையாட்டு விழாவில் ஓட்டப்போட்டி முடிவில் நாடா பிடிப்பது அவர்தான். வேறு யாரிடமும் கொடுக்கமாட்டார். நாடா பிடிப்பவர் வெல்கிறவரின் படத்தில் கட்டாயம் விழுவார் அல்லவா? நான் சிறுமியாக ஓடி முதலாவதாக வந்த நாளில், மூச்சு வாங்கி முடியமுன்னரே என் கையைப் பிடித்து மேலே தூக்கினார். ஒலிவாங்கியைப் பறித்து, "எங்கட கடைப் பிள்ளை!" என்றார். நாங்கள் அவருடைய கடையில் அரிசி வாங்குவோம். அதைத் தவிர அந்தக் கடைக்கும் எனக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

ஆனால் ஓட்டம் என்னோடு ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் கவனித்து, நகரத்துத் தடகளக் கழகத்தில் சேர்த்துவிட்டார்கள். எண்ணூறு மீற்றர் என் ஓட்டம். அது ஒரு கெட்ட தூரம். முழு வேகத்தில் ஓடவும் முடியாது, மெதுவாக ஓடவும் முடியாது. மாரியில் ஆரே ஆற்றங்கரையில் மூக்கு நுனி விறைக்க ஓடுவோம். என் பயிற்சியாளர் உர்சுலா அதிகம் பேசாத சுவிஸ் பெண். நன்றாக ஓடினால் தலையை ஒருதரம் ஆட்டுவார். அந்த ஒரு ஆட்டலுக்காக நான் எவ்வளவும் ஓடுவேன். எங்கள் ஆட்களிடம் கிடைத்த கைதட்டல் எல்லாவற்றையும்விட அது எனக்குப் பெரிதாக இருந்தது. கைதட்டலில் எப்போதும் இன்னொருவர் பங்கு கேட்டுக்கொண்டு நின்றார்.

கிம்னாசியம் என்கிற உயர்பள்ளியின் கடைசி வருடத்துக்கு முன் உர்சுலா என்னை இருத்தி வைத்துக் கதைத்தார். இந்த நாட்டில் பல்கலைக்கழகம் ஒரு பக்கம், விளையாட்டு இன்னொரு பக்கம். இரண்டையும் இழுத்துக்கொண்டு போகிறவர்கள் பாதியில் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அமெரிக்காவில் ஓடுகிறவளைப் பல்கலைக்கழகமே எடுத்துப் படிப்பிக்கும், நீ ஏன் முயலக்கூடாது என்றார். நானும் அவரும் சேர்ந்து என் ஓட்டக் காணொளிகளைப் பல பயிற்சியாளர்களுக்கு அனுப்பினோம். சோளக்காடுகளுக்கு நடுவில் இருக்கிற ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து பதில் வந்தது. வீட்டில் சொன்னேன். "ஓடினதுக்கோ புலமைப்பரிசில்?" என்றார் அப்பா. அவர் அறிந்த புலமைப்பரிசில் குனிந்த தலை நிமிராமல் படிக்கிற பிள்ளைகளுக்குக் கிடைப்பது. அம்மா, "அங்க சோறு கிடைக்குமோ?" என்று கேட்டார். அது அம்மாவின் சம்மதம்.

வெளியில் ஒருவருக்கும் சொல்லவேண்டாம் என்று மூன்று பேரும் முடிவெடுத்தோம். அம்மாவுக்குக் கண்ணூறுப் பயம். எனக்குக் கண்ணூறு பற்றிக் கவலை இல்லை. எனக்கு அவரைப் பற்றித்தான் பயம். பிறந்ததிலிருந்து எனக்குக் கிடைத்த எல்லாவற்றிலும் அவர் கை இருந்தது, நான் இருக்கிற நாடு உட்பட. இந்த ஒன்றையாவது என் காலால் எடுக்கவேண்டும், இதைப் பார்த்து ஒருவரும் "நான் சொல்லித்தான்" என்று சொல்லக்கூடாது என்ற வெறி எனக்குள் இருந்தது. படிப்பு, அமெரிக்கா எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அந்த வருடம் இளையோர் தேசியப் போட்டியில் எனக்குப் பதக்கம் கிடைத்தது. அப்பா ஆசை அடக்கமுடியாமல் என் ஓட்டப் படத்தைத் தன் வாட்ஸ்அப்பில் ஒருநாள் போட்டிருந்தார். ஒரே ஒருநாள்தான். அது போதுமாக இருந்தது.

சுவிசில் ஒவ்வொரு தமிழ்க் கடையும் மார்கழியில் வாடிக்கையாளர்களுக்குக் கலண்டர் கொடுக்கும். மேலே தடித்த மட்டையில் படம், கீழே மாதத் தாள்கள். சதுர்த்தி, கார்த்திகை, அமாவாசை, ராகுகாலம் எல்லாம் அதில்தான். தமிழர் வீட்டுச் சமையலறையில் அது தொங்காத சுவர் இல்லை. மற்ற வருடங்களில் அவருடைய கலண்டரில் முருகன் இருப்பார், அல்லது லட்சுமி. அந்த வருடம் நான் இருந்தேன்.

வாய் பிளந்து, கண் அரைவாசி மூடி, தலைமயிர் பறக்க ஓடிக்கொண்டிருந்தேன். எனக்குப் பக்கத்தில் என் உயரத்துக்கு ஒரு மாப் பை நின்றது. அடியில் சிவப்பு எழுத்தில், "வெற்றிக்குப் பலம் எங்கள் புட்டுமா!" மூலையில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் அவர் கைகூப்பிக்கொண்டிருந்தார். அந்தப் புட்டுமாவை நான் வாழ்நாளில் சாப்பிட்டதில்லை. அம்மா வீட்டில் தானே அரிசி இடித்து வறுப்பார். அப்பா கலண்டரை நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்து சமையலறையில் ஆணியடித்து மாட்டினார். அம்மா நெடுநேரம் பார்த்துவிட்டு, "வாயை மூடிக்கொண்டு ஓடேலாதோ?" என்றார். அடுத்தநாள் பஸ்சில் தமிழ்ப் பொடியன்கள் என்னைக் கண்டு "புட்டுமா!" என்று கத்தினார்கள். கொதித்தது. ஆனாலும் ஒரு வருடத்துக்கு வெட்கப்படவேண்டியதுதான், அதற்குமேல் ஒன்றும் வராது என்று நினைத்து விட்டுவிட்டேன்.

தை மாதத்தில் அந்த அமெரிக்கப் பயிற்சியாளர் என் பெற்றோரோடும் கதைக்கவேண்டும் என்று காணொளி அழைப்பு எடுத்தார். எங்கள் வீட்டில் இணையம் ஒழுங்காக வருவது சமையலறையில்தான். மூன்று பேரும் மேசையில் வரிசையாக இருந்தோம். தொப்பி போட்ட, கலகலப்பான மனிதர். அம்மா சோற்றைப் பற்றிக் கேட்டார், நான் மொழிபெயர்த்தேன், அவர் சிரித்துவிட்டு அரிசி சமைக்கிற பானை வாங்கித் தருவதாகச் சொன்னார். எல்லாம் நல்லபடி போய்க்கொண்டிருந்தது. திடீரென்று திரைக்குக் கிட்ட வந்து, பின்னால் சுவரில் இருப்பது நீயா என்று கேட்டார்.

நான் ஏதும் சொல்லமுன்னர் அப்பா எழும்பிவிட்டார். கலண்டரை ஆணியிலிருந்து கழற்றி, கமராவுக்கு முன்னால் இரண்டு கையாலும் பிடித்தார். முகம் முழுக்கப் பெருமை. பயிற்சியாளரின் சிரிப்பு மெல்ல மெல்லக் குறைந்தது. அந்தப் பை என்ன என்று கேட்டார். மா என்றேன். கீழே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மொழிபெயர்த்தேன்.

அடுத்தநாள் அந்தப் பல்கலைக்கழகத்தில் விதிகளைக் கவனிக்கிற பெண் அலுவலர் என்னோடு கதைத்தார். காசுக்கு ஓடாதவர்களைத்தான் அவர்கள் எடுக்கலாம். தன் முகத்தைக் கொடுத்து ஒரு பொருளை விற்க உதவியவள் அந்தக் கணக்கில் வரமாட்டாள். இப்போது அந்த விதிகளை எல்லாம் தளர்த்திவிட்டார்கள் என்று கேள்வி. அப்போது அப்படி இல்லை. என்னைக் கேட்காமல் செய்தது என்றால் அதைக் காட்டவேண்டும், இருக்கிற கலண்டரில் என் படம் தொங்காமல் பண்ணவேண்டும் என்றார். மரியாதையான பெண், கவலையோடுதான் சொன்னார். பயிற்சியாளரும் ஒன்று சொன்னார்: இடம் ஒன்றுதான் இருக்கிறது, மாதக் கடைசிக்கு மேல் பிடித்து வைக்கமுடியாது, இன்னொரு பெண் காத்திருக்கிறாள்.

அன்று அப்பா சாப்பிடவில்லை. அவர் தன் கையாலேயே அதைக் கமராவுக்கு முன்னால் பிடித்தவர் அல்லவா. நானும் அம்மாவும் சனிக்கிழமை கடைக்குப் போனோம்.

கடை நிறைய ஆட்கள். அவர் ஒருவருக்கு மரவள்ளிக்கிழங்கு நிறுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "வா, வா, எங்கட ஓட்டராணி!" என்று தலையில் கை வைத்தார். நான் கைக்குக் கீழே நின்றபடியே சொன்னேன்.

"மாமா, அந்தக் கலண்டரை எல்லாரிட்டையும் திரும்ப எடுக்கவேணும். என்னைக் கேக்காமப் போட்டது எண்டு ரெண்டு வரி எழுதித் தரவும் வேணும்."

"எடுக்கிறதோ? விசர்க் கதை கதைக்கிறாய். உன்ர படம் அங்கால கூர் நகரம் வரைக்கும் போட்டுது, இன்டர்லாக்கனில ஹோட்டல் குசினியளுக்குள்ள எல்லாம் தொங்குது. நான் போட்டபடியாத்தான் உன்னை நாலு சனத்துக்குத் தெரியும்."

"அதாலதான் மாமா எனக்கு அமெரிக்காவில கிடைச்ச இடம் இல்லாமப் போகப்போகுது."

"எந்த அமெரிக்கா?"

சொன்னேன். என் தலையிலிருந்த கை விழுந்தது. முகம் மாறியது. எனக்கு இடம் போகப்போகிறதே என்ற மாற்றம் இல்லை அது. அவர் அம்மாவைப் பார்த்தார்.

"இவ்வளவு காரியம் நடந்திருக்கு. எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?"

"நல்லபடி முடியட்டும் எண்டு இருந்தம் அண்ணை."

"எனக்குச் சொல்லாமலோ? சரி. இப்ப நான் களவெடுத்தனான் எண்டு எழுதித் தரவேணும், அப்பிடித்தானே? பாசத்தில போட்டதுக்கு எனக்குக் கள்ளன் பட்டம்." குரல் ஏறியது. சனம் திரும்பிப் பார்த்தது. அவருக்குச் சனம் பார்த்தால் இன்னும் ஏறும். "பிள்ளை, நான் சொல்லித்தான் உன்ர கொப்பருக்கு இந்த நாட்டில விசா கிடைச்சது. அது தெரியுமோ உன்ர அமெரிக்காக்காரனுக்கு?"

வழக்கமாக இந்த இடத்தில் எங்கள் ஆட்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். நானும் அம்மா குனிவார் என்றுதான் நினைத்தேன். அம்மா மருத்துவமனைச் சமையலறையில் வேலை செய்கிறவர். அங்கேயும் சரி, கோயிலிலும் சரி, அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அன்றும் உயரவில்லை.

"ஓம் அண்ணை. உங்களாலதான் விசா கிடைச்சது. நான் இல்லையெண்டு சொல்லேல்லை. அதுக்காகத்தான் இவ்வளவு காலமும் வாய் திறக்காமல் இருந்தனான். என்ர கலியாணப் படத்தில நிண்டனீங்கள், இவளின்ர சாமத்தியவீட்டுப் படத்தில நிண்டனீங்கள், நான் ஒண்டும் கதைக்கேல்லை. இவள் ஓடினது இவளின்ர காலால. அது உங்கட இல்லை. அதைத் திருப்பித் தாங்கோ."

 அவர் தராசிலிருந்த கிழங்கை எடுத்தார், திரும்ப வைத்தார், மீசையைத் தடவினார். பிறகு, "எழுதித் தரமாட்டன்" என்றார். "கடை வானில ஏறுங்கோ. ஆரார் வீட்டை இருக்கெண்டு எனக்குத்தான் தெரியும்."

அடுத்து வந்த நாட்களில் நானும் அம்மாவும் வேலை, பள்ளிக்கூடம் முடிந்து அந்த வான் வண்டியில் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் இருந்து வீடு வீடாகப் போனோம். போகிற வழியில் அவர் கடைச் சாமான்களையும் விநியோகித்தார். எங்கள் அவசரத்தில் அவருக்கு எண்ணெய்ச் செலவு மிச்சம். தூரத்து ஊர்களில் இருந்தவர்களுக்கு அம்மா தானே தொலைபேசி எடுத்து, படத்தை வெட்டிவிட்டுக் காட்டும்படி கெஞ்சினார். அதையாவது அவர் செய்திருக்கலாம். செய்யவில்லை.

முதல் வீட்டிலேயே கலண்டரைத் தரமாட்டேன் என்றார்கள். "பங்குனித் திங்கள் எப்ப வருதெண்டு எப்பிடிப் பார்க்கிறது? விரதத்துக்கு நீங்களோ பதில் சொல்லுவியள்?" என்று கேட்டார் அந்த வீட்டு அக்கா. நியாயம்தான். அப்போதுதான் அம்மா கைப்பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். மட்டையின் மேல்பாதியை, படத்தோடும் மாப் பையோடும் சேர்த்து, அடிமட்டம் வைத்ததுபோல் நேராக வெட்டினார். மிச்சத்தில் துளையிட்டு நூல் கட்டி அதே ஆணியில் மாட்டினார். சுவரில் திகதி தொங்கியது, என் முகம் அம்மாவின் கைப்பைக்குள் போனது. பிறகு எல்லா வீட்டிலும் இப்படித்தான். பெற்ற தாய் என் முகத்தை வெட்ட வெட்ட, ஆதாரத்துக்காக நான் அதைத் தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? ஒவ்வொரு வீட்டு வாசலிலும் எங்களுக்கு முன்னால் நுழைந்து, "அமெரிக்காக்காரருக்கு எங்கட பிள்ளையின்ர படம் வேணுமாம். அதுதான் சேர்த்துக்கொண்டு வாறம்" என்றார். கூசாமல் சொன்னார். வீட்டுக்காரர் வாயைப் பிளந்து அவருக்குக் கைகொடுத்தார்கள். தேத்தண்ணியும் வடையும் வந்தன. அவர் கால்மேல் கால் போட்டுக்கொண்டு அமெரிக்கா எனக்காகக் காத்திருப்பதைப் பற்றிக் கதைத்தார். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையில் தன் பிழையைத் தன் சாதனையாக மாற்றிவிட்டார். நான் வானுக்குள் பற்களைக் கடித்துக்கொண்டிருந்தேன். "விடு, வெட்டுறதுக்கு விடுகினம்தானே" என்றார் அம்மா.

மாதம் முடிவதற்குக் கொஞ்சம் முன், தூண் நகரத்தில் ஒரு வீட்டுக்குப் போனோம். அந்த வீட்டு அன்ரி மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்கிறவர். வாய் கொஞ்சம் நீளம். அவருக்கு விசா எடுத்துக் கொடுத்தது வேறு யாரோ. அதனால்தானோ என்னவோ, அவர் மட்டும் கைகொடுக்கவில்லை. அம்மா கத்தரிக்கோலை எடுப்பதையும் நான் தொலைபேசியை உயர்த்துவதையும் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு அவரிடம் கேட்டார்.

"ஏன் அண்ணை, இந்தப் பிள்ளையைக் கேட்டுத்தானோ படத்தைப் போட்டனீங்கள்?"

"கேக்கிறதோ?" சோபாவில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்தார். அவமானப்பட்டவர்போல் இருந்தார். "நான் ஏன் கேக்கவேணும்? எங்கட பிள்ளையின்ர படத்தை நான் போடுறதுக்கு ஆரட்டக் கேக்கிறது? அவளையும் கேக்கேல்லை, தேப்பனையும் கேக்கேல்லை, அச்சடிச்சு வரும்வரைக்கும் அவையளுக்குத் தெரியாது. நான் அப்பிடித்தான். நல்ல காரியத்துக்கு நான் ஒருத்தரையும் கேக்கிறதில்லை!"

என் தொலைபேசி எல்லாவற்றையும் காணொளியாகப் பதிந்துகொண்டிருந்தது. அம்மாவின் கத்தரிக்கோல் மட்டையின் நடுவில் நின்றது. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, உடனே வேறு பக்கம் பார்த்தோம். எழுதித் தரமாட்டேன் என்றவர், கடையில் அத்தனை பேருக்கு முன்னால் மறுத்தவர், வடையைக் கையில் வைத்துக்கொண்டு, எனக்கு வேண்டியதை ஒரு சொல் குறையாமல் சொல்லிவிட்டார். கேட்டால் தந்திருக்கமாட்டார். பெருமையாகச் சொல்ல விட்டதும் தந்துவிட்டார்.

அந்தக் காணொளியை மொழிபெயர்த்து, வெட்டிய படங்களோடு சேர்த்து அனுப்பினேன். அங்கே படிக்கிற ஒரு சென்னைப் பையனிடம் காட்டி அந்த அலுவலர் என் மொழிபெயர்ப்பைச் சரிபார்த்தாராம். "இந்த மனிதர் உனக்கு உறவா?" என்று மட்டும் என்னிடம் கேட்டார். இல்லை என்று சொல்ல எனக்குக் கிடைத்த முதல் சந்தர்ப்பம் அது. இல்லை என்றேன். மாதம் முடியுமுன் புலமைப்பரிசில் உறுதியானது. அன்று ஆற்றங்கரையில் உர்சுலா தலையை ஒருதரம் ஆட்டினார். பிறகு, யோசித்துவிட்டு, இன்னொருதரம் ஆட்டினார்.

அவருக்குச் செய்தி போனது. போகாமல் இருக்குமா? அடுத்த வெள்ளிக்கிழமை கோயில் மண்டபத்தில், பூசை முடிந்து சனம் பிரசாதத்துக்கு நிற்கையில், உரத்துச் சொன்னார்: "நான் சொல்லித்தான் அமெரிக்காவில பிள்ளைக்கு இடம் குடுத்தவை."

நான் பிரசாதத் தட்டோடு அப்படியே நின்றேன். அந்தக் காணொளியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. வழக்கம்போல வாயில் வந்ததைச் சொன்னார். அவர் வாழ்நாளில் சொன்ன அத்தனை "நான் சொல்லித்தான்"களிலும் அதிக உண்மையானது அதுவாகத்தான் இருக்கும். மறுக்கக்கூட முடியவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஒன்றே ஒன்றை என் காலால் எடுக்கவேண்டும் என்றிருந்தேன், அதற்குள்ளும் வந்து நின்றுவிட்டார், சாமத்தியவீட்டுப் படத்தில் நின்றதுபோல.

போகுமுன் வீட்டுக்குப் பொன்னாடையோடு வந்தார், படம் எடுக்க ஒரு ஆளையும் கூட்டிக்கொண்டு. நான் ஓடப் போய்விட்டேன். அவர் போகும்வரைக்கும் ஓடினேன். அன்று நான் ஓடியதுபோல அமெரிக்காவிலும் ஓடியதில்லை. பொன்னாடையை அப்பாவுக்குப் போர்த்துவிட்டுப் போனார் என்று பிறகு தெரிந்தது. அப்பா அதை மடித்து அலுமாரிக்கு மேல் வைத்திருந்தார். அதைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை. அந்தக் காணொளி அழைப்புக்குப் பிறகு அப்பா கதைப்பதே குறைந்திருந்தது. அவர் இல்லாவிட்டால் நாங்கள் இங்கே இல்லை என்று அப்பா சொல்வதையும் அதன்பிறகு நான் கேட்டதில்லை.

சோளக்காட்டு நடுவில் முதல் பருவம் முடிந்து மார்கழி விடுமுறைக்கு வந்தேன். வருமுன்னரே ஒரு சிநேகிதி புதுக் கலண்டரின் படத்தை அனுப்பியிருந்தாள். என் முகம் இல்லை, என் பெயர் இல்லை. அந்தளவுக்கு அவருக்கு விளங்கியிருந்தது. மட்டை முழுவதும் அவரே நின்றார், பட்டு வேட்டி, பொன்னாடை, பக்கத்தில் அதே மாப் பை. அடியில் சிவப்பில், "அமெரிக்காவுக்கு ஓட்ட வீராங்கனையை அனுப்பிவைத்த பெருமகனார்." அது பேர்ணில் தொடங்கி கூர் வரைக்கும் எல்லாச் சமையலறையிலும் தொங்கிக்கொண்டிருக்கும். விமானத்தில் எனக்கு நித்திரையே இல்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் பெட்டியை வாசலில் போட்டுவிட்டு நேரே சமையலறைக்குப் போனேன்.

அதே ஆணியில் மாதத் தாள்கள் மட்டும் நூலில் தொங்கின. மேலே ஒன்றுமில்லை.

"படம் எங்கயம்மா?"

"எனக்குத் திகதி மட்டும் இருந்தாக் காணும்." அம்மா தாச்சியில் எதையோ பிரட்டிக்கொண்டிருந்தார்.

கிட்டப் போய்ப் பார்த்தேன். அம்மா வெட்டினால் கோடு நேராக இருக்கும். எத்தனை வீட்டில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். இந்த வெட்டு ஒரு பக்கம் ஏறி, மறு பக்கம் இறங்கி, நடுவில் கிழிந்து, கையடக்கம் இல்லாமல் போயிருந்தது.

"ஏன் இப்பிடிக் கோணலா வெட்டியிருக்கிறியள்?"

அம்மா அடுப்பைத் தணித்தார். முன்னறையில் அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவது கேட்டது.

"நான் வெட்டேல்லை" என்றார். "கொப்பர்."